பதினேழாவது கேள்வி

விற்றுவிட்டுப் போ என்றார்கள் ஆர்க்னியில் எல்லோரும்.
பன்னிரண்டு வயது சுபாரு,
அடியில் துரு, கதவில் ஆடு முட்டிய பள்ளம்.
கப்பல் கூலிக்கு அங்கே இன்னொன்று வாங்கலாமே, இங்கா.
கணக்கு சரிதான்.
சரியான கணக்கை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு
தப்பான தாளில் கையெழுத்துப் போட்டேன்.

எட்டு வாரம் கழித்து லிட்டில்டன் துறைமுகம்.
கொட்டகைக்குள் என் வண்டி
நான்கு கதவையும் திறந்துகொண்டு நின்றது,
ஆஸ்பத்திரி உடுப்பில் நிற்கிறவர்களைப் போல.
செலினா ஃபாலியோலோ, ஆய்வாளர்,
கையில் டார்ச், கம்பு முனையில் கண்ணாடி,
பல் மருத்துவரிடம் இருப்பதுபோல் ஒரு சுரண்டி.
இந்த நாட்டுக்குள் வேற்று மண் வரக்கூடாது,
கோபமில்லாமல் சொன்னாள்,
விதை வரக்கூடாது, சாணம் வரக்கூடாது.

படிவத்தில் முப்பத்துநான்கு கேள்விகள்.
சேசிஸ் எண். எஞ்சின் அளவு.
எத்தனை மாதமாக உங்கள் பெயரில்.
ஒரு வருடத்துக்குள் விற்கமாட்டேன் என்று உறுதிமொழி.
பதினேழு:
இவ்வண்டியில் விலங்கு பயணம் செய்ததுண்டா?
உண்டெனில் விவரம்.
விவரத்துக்கு இரண்டு அங்குலம் இடம்.

கால்நடை மருத்துவர் என்று என் பலகையில் இருக்கும்.
ஏப்ரல் வந்தால் வெறும் மருத்துவச்சி.
பனிக்குடத்து நீரும் ரத்தமும் காயாத கையால்
கியர் மாற்றிய பன்னிரண்டு ஏப்ரல்கள்.
எத்தனை என்று எழுதுவது?
மூச்சு வராத குட்டிகளையும் சேர்க்கவேண்டுமா?

நாய், ஒன்று
என்று எழுதினேன்.

இரண்டு அங்குலத்தில் அடங்காதது:
பெயர் ஸ்கெர்ரி.
கடலுக்கு மேலே தலைமட்டும் காட்டும் பாறையை
எங்கள் பக்கம் அப்படிச் சொல்வார்கள்.
வயது பதினைந்து, சிறுநீரகம் பாதி.
முப்பது மணிநேர விமானம், பிறகு கூண்டில் பத்து நாள்.
தாங்காது என்று சொன்ன மருத்துவர் நானேதான்.
வேறொருவரைக் கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை.
பின்னிருக்கையில் வைத்தே ஊசி போட்டேன்.
வழக்கம்போல் ஏறி உட்கார்ந்து
கடற்கரைக்கு என்று நினைத்து வாலாட்டியது.
ஹீட்டருக்காக எஞ்சினை அணைக்கவில்லை.

நீராவி அடித்தார்கள். மெத்தையைக் கழற்றி உறிஞ்சினார்கள்.
ரசீதோடு ஒரு பட்டியல் தந்தாள்:
மண், இருநூற்றுப் பத்து கிராம்.
ஓட்ஸ், மூன்று மணி.
இனம் தெரியாத புல்விதை, பத்தொன்பது.
உலர்ந்த சிலந்தி.
முடி, கறுப்பும் வெள்ளையும், கணிசமாக.

மஞ்சள் நாடா ஒட்டிய பை. எரித்துவிடுவார்கள்.
பார்க்கவேண்டுமா, சிலர் கேட்பார்கள் என்றாள்.
வேண்டாம் என்றேன்.
கேட்கிற அந்தச் சிலர் யாரென்று
வண்டியோட்டி வரும் வழியெல்லாம் யோசித்தேன்.
உள்ளே எலுமிச்சை வாசம்,
யாரோ வீட்டுக் குளியலறை மாதிரி.

சாலைப் பலகைகள் கிலோமீட்டரில் பேச
என் முள் மைலில் பதில் சொல்கிறது.
அதற்கு ஒருமுறை அபராதம்.
இங்கே குட்டி போடும் காலம் ஆகஸ்ட்.
உடம்புக்கு இன்னும் பிடிபடவில்லை.

நேற்று டஃபின் பண்ணையிலிருந்து திரும்பும்போது
அவர் மகள் மெரினைப் பள்ளியில் விடச் சொன்னார்கள்.
ஆறு வயது. பின்னிருக்கை.
ஸ்கெர்ரியைக் கட்டும் அதே பெல்ட்டை
முழு நீளத்துக்கும் இழுத்தாள்,
யாரும் அவ்வளவு தூரம் இழுத்ததில்லை.
அடிப்பட்டையின் நெசவில் குத்தி நின்றன
ஏழெட்டு வெள்ளை முடி.

உங்ககிட்ட நாய் இருக்கா? என்றாள்.

டாஷ்போர்டில் செலினா தந்த துண்டுத்தாள்:
எதுவும் தென்பட்டால் உடனே அழைக்கவேண்டிய எண்.
கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன்.
பெல்ட்டைப் போட்டுக்கோ என்றேன்.

மாட்டிக்கொண்டாள்.
மீதி, சரசரவென்று உள்ளே போனது.